சாருக்குக் கொடுக்காத கடலை மிட்டாய்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நவம்பர் மாதக் காலை. இடம், மைசூர் குக்கரஹள்ளி ஏரிக்கரை. நான் அப்போது பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம், கல்லூரி விடுதியில் இருந்தேன். ஊர் கொள்ளேகால் பக்கம். அப்பாவுக்குப் பட்டுத் தறி. விடுதியில் சேர்த்துவிட்டுப் போகும்போது அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அங்கிருந்து தொரத்துனாங்கன்னா நேரா வந்து தறிக்குழியில எறங்கிக்கோ. வேற பேச்சு இல்ல."

எனக்கு உலகத்திலேயே பிடிக்காத இடம் தறிக்குழி. அதனால் விடுதியை விட்டுத் துரத்தப்படக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். அதே அளவு உறுதியோடு செகண்ட் ஷோவுக்கும் போய்க்கொண்டிருந்தேன்.

இரண்டுக்கும் நடுவில் இருந்தது விடுதி கேட். இரவு ஒன்பதுக்குப் பூட்டினால் காலையில் பால்காரருக்காகத்தான் திறப்பார்கள். ஒன்பதுக்குள் நழுவி வெளியே போவது சுலபம். திரும்ப உள்ளே வருவதுதான் பிரச்சினை. மதில் மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தார்கள். ஏறிக் குதித்த நண்பன் ஒருவன் ஒரு வாரம் வகுப்பில் நின்றுகொண்டே பாடம் கேட்டான்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. பேண்ட்டுக்கு உள்ளே அரை டிராயர் போட்டுக்கொள்வேன், காலில் கேன்வாஸ் ஷூ. படம் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் என்று எங்கே விளக்கு எரிகிறதோ அங்கெல்லாம் சுற்றுவேன். தசராவில் தொடங்கி இரண்டு மாதம் பொருட்காட்சியும் சேர்ந்துகொள்ளும், மிளகாய் பஜ்ஜியும் டெல்லி அப்பளமுமாக நேரம் ஓடிவிடும். விடிகிற நேரத்துக்கு ஏரி முனையிலிருக்கும் டீக்கடைக்கு வந்து பேண்ட்டைக் கழற்றிக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுவேன். அவருடைய குடத்துத் தண்ணீரை முகத்திலும் கழுத்திலும் தெளித்தால் வியர்வை தயார். அப்புறம், கேட் திறந்ததும் ஓடப் போனவன்போல மூச்சிரைக்க உள்ளே ஓடி நுழைவேன். வாட்ச்மேன் சல்யூட் அடிக்காத குறை.

இந்த ஏற்பாடு அபாரமாக நடந்தது. ரொம்பவே அபாரமாக நடந்ததுதான் வினை. எங்கள் வார்டன் ஒரு நாள் மெஸ்ஸில் எல்லார் முன்னாலும் என் தோளில் கை வைத்து, "இவனைப் பாருங்க. நீங்கல்லாம் போர்வைக்குள்ள இருக்கறப்ப இவன் ஏரியைச் சுத்திட்டு வந்துடறான்" என்றார். என் அறை நண்பர்கள் சாம்பாரைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். சிரிப்பை அடக்குவதில் ஒருவனுக்குப் புரை ஏறியது.

வார்டன் கெமிஸ்ட்ரி பேராசிரியர். மூன்று தலைமுறையாக மைசூரிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். அவர் பேசுகிற தமிழில் பாதி கன்னடம், கால்வாசி இங்கிலீஷ். நாற்பத்தைந்து வயதிருக்கும். சமீபத்தில்தான் சர்க்கரை வியாதி என்று சொல்லி மாத்திரை ஆரம்பித்திருந்தார்கள். அந்தப் பாராட்டுக்கு மறுவாரம், நான் வழக்கம்போல டீக்கடைத் தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே நுழைகிறேன், கேட்டருகே புது ஷூவோடு நிற்கிறார்.

"டாக்டர் ஓடச் சொல்லிட்டார். தனியா போனா நாய் தொரத்துது. நீ தினம் ஓடறவன்தானே, என்னையும் கூட்டிட்டுப் போப்பா."

"இப்பதான் சார் ஒரு ரவுண்டு வார்ம் அப் முடிச்சேன்."

"ஹௌதா, அப்படியா? பரவால்லயே. அப்ப இன்னொண்ணு போலாம், வா."

அன்றைக்குத்தான் என் வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையிலேயே ஓடினேன். ஏரியை முழுதாகச் சுற்றி வந்தபோது கண்ணில் பூச்சி பறந்தது. சார் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அன்று மாலையே அவர் மனைவி என்னைக் குவார்ட்டர்ஸுக்குக் கூப்பிட்டார். கையில் காபியைக் கொடுத்துவிட்டு ஒரு பொறுப்பையும் கொடுத்தார். "திரும்பி வர்றப்ப ஹோட்டல் பக்கம் நழுவிடுவார். ஸ்வீட்டுன்னா சின்னக் குழந்தைதான். நீதான் பாத்துக்கணும். கெஞ்சுவார், ஏமாந்துடாதே." நான் ராணுவத்தில் சேர்ந்தவன்போல நிமிர்ந்து நின்று, "நீங்க கவலையே படாதீங்கம்மா" என்றேன்.

இப்படியாக, வாரத்தில் மூன்று இரவு ஊர் சுற்றல், ஏழு காலையும் ஓட்டம் என்று என் வாழ்க்கை நடந்தது. சொல்லிக்கொள்ளக் கூடாதுதான், ஆனால் இரண்டு மாதத்தில் எனக்கே தெரியாமல் நான் ஓட்டக்காரனாகிவிட்டேன். தொப்பை போயிற்று. ராத்திரி சாப்பிடுகிற பஜ்ஜியைக் காலையில் ஏரிக்கரையில் கரைத்துவிடலாம் என்று ஒரு தத்துவமும் உண்டாயிற்று. அறையில் படுத்தபடி அதை நண்பர்களுக்கு விளக்குவேன். தூக்கம் என்று ஒன்று இருப்பதை மட்டும் என் தத்துவத்தில் சேர்க்க மறந்துவிட்டேன்.

அந்த நவம்பர் காலைக்கு வருகிறேன். முந்தின இரவு பொருட்காட்சி, அப்புறம் செகண்ட் ஷோ, அப்புறம் ஸ்டேஷனில் அரட்டை. கண்ணை மூடவே இல்லை. வயிற்றில் எண்ணெய்ப் பண்டங்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன. டிராயர் பையில் பொருட்காட்சியில் வாங்கிய கடலை மிட்டாய்த் துண்டு ஒன்று மிச்சம் இருந்தது. பேண்ட்டைக் கடையில் கொடுத்துவிட்டு, கேட்டில் சாரைச் சேர்த்துக்கொண்டு கிளம்பினேன்.

ஏரியில் பனி இறங்கியிருந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது, கரை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. வழக்கமாக நடக்க வருகிறவர்களும் அன்று அதிகம் இல்லை. டீக்கடைக்கு நேர் எதிர்க்கரையை அடைந்தபோது, பின்னால் சாருடைய காலடிச் சத்தம் நின்றுவிட்டது. திரும்பினால் முழங்காலைப் பிடித்துக் குனிந்து நிற்கிறார்.

"ஏதாவது ஸ்வீட் வெச்சிருக்கியா?" என்றார்.

எனக்குள் இருந்த சிப்பாய் விழித்துக்கொண்டான். "அம்மா கொடுக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க சார்."

"கொஞ்சம் போதும்ப்பா. உன் பாக்கெட்ல என்ன?"

"கடலை மிட்டாய் சார். ஆனா தர மாட்டேன்."

அவர் கையை நீட்டினார். கை நடுங்கிற்று. கெஞ்சுவார், ஏமாந்துடாதே என்று அம்மா சொன்னது காதில் ஒலித்தது. சபலத்துக்கு இடமே வைக்கக் கூடாது என்று, அவர் கண்ணெதிரிலேயே அந்த மிட்டாயை வாயில் போட்டுக் கடித்து விழுங்கிவிட்டேன். "இப்ப இல்ல சார்" என்று இரண்டு கையையும் விரித்தும் காட்டினேன். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய திருப்தி எனக்கு.

சார் பக்கத்திலிருந்த கல் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட விழுந்தார் என்பதுதான் சரி. அந்தக் குளிரில் அவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்து, "லேப்பை ஏன் பூட்டலை?" என்று கோபமாகக் கேட்டார். நான், "எந்த லேப் சார்?" என்றேன். அவர் ஏரியிலிருந்த நாரைகளைப் பார்த்து, "எல்லாரும் உக்காருங்க" என்றார். நாக்கு குழறியது.

எனக்குத் தெரிந்த ஒரே வியாதி ஹார்ட் அட்டாக். அதுதான் என்று முடிவு செய்தேன். அடுத்துச் செய்ததையெல்லாம் இப்போது நினைத்தாலும் சிரிப்பாகத்தான் இருக்கிறது, அன்றைக்குச் சிரிப்பாக இல்லை. கேன்வாஸ் ஷூவைக் கழற்றி அதால் அவருக்கு விசிறினேன். அந்த ஷூவை மூன்று மாதமாகத் துவைக்கவில்லை, மயங்காதவனும் மயங்கிவிடுவான். தமிழில் கத்தினேன், கன்னடத்தில் கத்தினேன், பனிக்குள் யாராவது படித்தவர் இருந்தால் உதவட்டும் என்று இங்கிலீஷிலும் கத்தினேன். நாரைகள் பறந்து போயின. சாமுண்டி மலைப் பக்கம் திரும்பி, தாயே, சாரைக் காப்பாற்று, இனிமேல் செகண்ட் ஷோ பார்க்க மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். அந்த நேரத்திலும் ஃபர்ஸ்ட் ஷோவைப் பற்றி வாக்குக் கொடுக்காமல் ஜாக்கிரதையாக இருந்தேன்.

பிறகுதான், ஆள் இருக்கும் இடத்துக்கு ஓட வேண்டும் என்று தோன்றியது. சாரைப் பெஞ்சில் ஒருக்களித்துச் சாய்த்துவிட்டு ஓடினேன்.

இரண்டு மாதமாகத் தினமும் ஓடிய பாதை அது. அன்றைக்கு அது முடியவே இல்லை. கொஞ்ச தூரத்திலேயே விலாவில் குத்தல் எடுத்தது. ராத்திரி தின்றது தொண்டைக்கு வந்தது. கால் இரண்டும் யாரிடமோ கடன் வாங்கியவைபோலச் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நடந்தேன், ஓடினேன், ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன், மறுபடி ஓடினேன். சாருக்கு ஏதாவது ஆகிவிட்டால், கடைசியாக என்ன கேட்டார் என்று அம்மா விசாரிப்பார்களே, கடலை மிட்டாய் கேட்டார், நான் தின்றுவிட்டேன் என்று எப்படிச் சொல்வது என்ற ஒரே நினைப்புதான் மண்டைக்குள் சுற்றியது. ஒரு நல்ல தூக்கம் தூங்கியிருந்தால் பாதி நேரத்தில் போய்ச் சேர்ந்திருப்பேன். அது அந்த ஓட்டத்தில் ஒவ்வொரு அடியிலும் எனக்குத் தெரிந்தது.

டீக்கடையில் கடைக்காரரும், டீ குடித்துக்கொண்டு ஒரு பெண்மணியும் மட்டும் இருந்தார்கள். வெள்ளைப் புடவை, மேலே நீல ஸ்வெட்டர். நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகிற நர்ஸ். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "ஏன் குரு, இஷ்டு பேக? பேண்ட் பேக்கா?" என்றார். இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டாயே, பேண்ட் வேண்டுமா என்று அவர் கவலை அவருக்கு.

"எங்க சார்... ஹார்ட் அட்டாக்... ஆட்டோ..." என்றேன் நான்.

நர்ஸ் டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க? நெஞ்சு வலிக்குதுன்னாரா?" நான் தமிழில் புலம்பியதால் அவரும் தமிழிலேயே கேட்டார். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பேச்சு.

"சொல்லலீங்க சிஸ்டர். வேர்த்துக் கொட்டுது. கை நடுங்குது. நாரைக்கெல்லாம் பாடம் எடுக்கறாருங்க."

"சுகர் இருக்குதா?"

"இருக்குதுங்க. மாத்திரை சாப்பிடறாரு."

"காலையில மாத்திரை போட்டுக்கிட்டாரா? ஏதாச்சும் தின்னாரா?"

"மாத்திரை போட்டுட்டுத்தான் வருவாருங்க. தின்னல. ஸ்வீட்டு கேட்டாரு. நான் குடுக்கல."

"கையில இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"எங்க அது?"

"நான் தின்னுட்டேனுங்க."

சிஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். என் வாழ்நாளில் எத்தனையோ பேர் என்னை முட்டாள் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சொன்னவர் அவர் ஒருத்தர்தான். கடைக்காரரின் சர்க்கரை டப்பாவைத் திறந்து இரண்டு கை அள்ளிப் பேப்பரில் மடித்து என் கையில் திணித்தார்.

"சுகர் எறங்கிடுச்சு அவருக்கு. மாத்திரையும் போட்டு வெறும் வயித்துல ஓடுனா அப்படித்தான் ஆகும். நீ முன்னால ஓடு. முழிச்சிருந்தாருன்னா கன்னத்துக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா அடக்கு. நெனவே இல்லாட்டி வாயில ஒண்ணும் போட்டுடாத, நான் வந்துருவேன். போ."

"இன்னொரு தரம் ஓடணுமாங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டது நான்தான், மறுக்க மாட்டேன்.

"அப்ப நான் ஓடட்டுமா, இந்தச் சேலையக் கட்டிக்கிட்டு?"

ஓடினேன். வந்த ஓட்டத்தை விடப் போன ஓட்டம் மோசம், ஆனால் அதைப் பற்றி எனக்கு அதிகம் நினைவில்லை. சர்க்கரைப் பொட்டலத்தை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடியது மட்டும் நினைவிருக்கிறது. பனிக்குள் பெஞ்ச் தெரிந்தது. சார் அதே இடத்தில், தலை தொங்கிக் கிடந்தார். கூப்பிட்டதும் கண்ணைத் திறந்து, ஏதோ திட்டிக்கொண்டே என் கையைத் தட்டிவிட்டார். அவர் திட்டினதுகூட அன்றைக்குக் காதுக்கு இனிமையாக இருந்தது. தாடையைப் பிடித்துக் கன்னத்துக்குள் சர்க்கரையை அடக்கினேன். பாதி என் மேலேயே துப்பினார். மறுபடி அடக்கினேன். அப்புறம் மெதுவாகச் சப்ப ஆரம்பித்தார். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவருக்காக அழுதேனா, தறிக்குழிக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில், வழியில் வந்த பால்காரரின் சைக்கிளை வாங்கி, சிஸ்டரைக் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டு டீக்கடைக்காரர் வந்து சேர்ந்தார். சிஸ்டர் நாடி பிடித்துப் பார்த்தார், மிச்சச் சர்க்கரையையும் தின்ன வைத்தார். சார் முகத்துக்கு மெதுவாக நிறம் திரும்பியது. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். என்னைப் பார்த்தார். அவருடைய முதல் கேள்வி: "நான் உன்கிட்ட மிட்டாய் கேட்டேன், இல்ல?"

நான் வாயைத் திறக்குமுன் டீக்கடைக்காரர் முந்திக்கொண்டார். குளிரில் அரை டிராயரோடு நிற்கிற பையன் மேல் அவருக்கு இரக்கம். சைக்கிள் ஹேண்டிலில் மாட்டியிருந்த பையிலிருந்து என் பேண்ட்டை எடுத்து உதறி, எல்லார் முன்னிலையிலும் என்னிடம் நீட்டினார். கூடவே சாரிடம், பாவம் நல்ல பையன், ராத்திரி பூரா சினிமா, சுத்தல் என்று கண் முழித்துவிட்டு, பேண்ட்டை என் கடையில் கழற்றிக் கொடுத்துவிட்டு உங்களோடு ஓட வருகிறான், இந்தக் காலத்தில் யார் செய்வார்கள் என்று கன்னடத்தில் என்னைப் புகழ்ந்து தள்ளினார்.

சார் பேண்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிஸ்டர் கிளம்புமுன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வீட்டுல சொல்லிரு. டாக்டரப் பாத்து மாத்திரையக் கொறைக்கச் சொல்லணும். இல்லைன்னா இன்னொரு நாளும் விழுவாரு. அன்னைக்கு நானும் இங்க டீ குடிச்சிட்டு இருக்க மாட்டேன்."

அன்று முழுக்க வகுப்புக்குப் போகவில்லை. டிரங்குப் பெட்டியை எடுத்து அடுக்கினேன். துரத்துவதற்குள் நாமே போய்விட்டால் அது துரத்தினதாகாது என்று அறை நண்பன் யோசனை சொன்னான். அப்பாவிடம் அது எடுபடாது என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் வாட்ச்மேன் வந்து, வார்டன் கூப்பிடுகிறார் என்றார்.

குவார்ட்டர்ஸ் வாசலிலேயே சார் என்னை மடக்கினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீ ராத்திரி எங்க போறேன்னு நான் கேக்க மாட்டேன். காலைல நடந்ததை நீ உள்ள சொல்ல வேண்டாம். அவளுக்குத் தெரிஞ்சா ஓடவே விட மாட்டா. சரியா?" என்றார்.

என் காதுகளையே நம்ப முடியவில்லை. விடுதி மிச்சம், சினிமா மிச்சம், தறிக்குழி இல்லை. "சரி சார், சரி சார்" என்று தலையாட்டிக்கொண்டே உள்ளே போனேன்.

அம்மா காபி கொண்டுவந்து வைத்தார். "எப்டி ஓடறார் உன் சிஷ்யர்? ஸ்வீட் ஏதாவது கேட்டாரா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

நெஞ்சை நிமிர்த்தி உண்மையைச் சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. அப்படி நடக்கவில்லை. காபி டம்ளரைக் கையில் எடுத்தேன். இன்னொரு நாளும் விழுவாரு என்ற சிஸ்டரின் குரல் கேட்டது. அடுத்த கணம் என் வாய் தானாகத் திறந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டது. பெஞ்ச், நாரை, மிட்டாய், சிஸ்டர், மாத்திரை. அதோடாவது நின்றிருக்கலாம். பயத்தில் பிரேக் பிடிக்காமல் செகண்ட் ஷோ, பேண்ட், குடத்துத் தண்ணீர், எந்தத் தியேட்டர், எந்த வரிசை வரைக்கும் சொல்லிவிட்டேன். சார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அம்மா அன்று இரவே அவரை டாக்டரிடம் அழைத்துப்போனார். மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்கள். ஓடுவதற்கு முன்னால் இரண்டு இட்லியாவது சாப்பிட வேண்டும் என்று உத்தரவாயிற்று. என் தீர்ப்பையும் அம்மாதான் சொன்னார். சனிக்கிழமை மட்டும் சினிமாவுக்குப் போகலாம், அதுவும் சொல்லிவிட்டு. ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் கிடையாது, தூங்கித் தீர்க்கலாம். மற்ற நாள் பத்து மணிக்குப் படுக்க வேண்டும். அவரோடு ஓடுகிறவன் தூங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான், என்றார். விடுதியை விட்டு அனுப்புகிற பேச்சு கடைசி வரை வரவே இல்லை.

சார் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. ஆனால் ஒரு நாள்கூட ஓட வராமலும் இருக்கவில்லை. இட்லி சாப்பிட்டுவிட்டு கேட்டில் வந்து நிற்பார், நான் ஓடினால் ஓடுவார், நின்றால் நிற்பார், முகத்தை மட்டும் ஏரிப் பக்கம் திருப்பிக்கொள்வார். பிறகு ஒரு காலை, எதிர்க்கரை பெஞ்சைத் தாண்டும்போது, "அந்த மிட்டாய் நல்லா இருந்துதா?" என்று கேட்டார். "சுமார்தான் சார்" என்றேன். அதற்கப்புறம் பேச்சு வழக்கமாயிற்று. நான் படிப்பு முடித்துக் கிளம்பும்வரை சேர்ந்தே ஓடினோம். சாமுண்டிக்குக் கொடுத்த வாக்கை மட்டும் சனிக்கிழமைதோறும் மீறினேன். அவள் கண்டுகொள்ளவில்லை.

எனக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. ஊர் சுற்றுகிற ஆசை குறையவில்லை, நண்பர்கள் கூடினால் இன்றைக்கும் கடைசியாக எழுந்திருப்பவன் நான்தான். என் ராத்திரி, என் கால், அதை நான் எப்படிச் செலவழித்தால் யாருக்கென்ன என்றுதான் அந்த வயதில் நினைத்திருந்தேன். ஆனால் நாளைக் காலையில் யார் என் கால்களை நம்பிக் காத்திருப்பார்களோ தெரியாது என்ற எண்ணம் அந்த ஏரிக்கரையில்தான் எனக்குள் வந்தது, இன்றுவரை அதுதான் என்னை நேரத்துக்கு வீடு கொண்டுவந்து சேர்க்கிறது.